ஒன்பதாம் அறை காலியாகவில்லை

அவளுக்கு உட்காரத் தெரியாமல் இல்லை. உட்கார விட்டவர்கள்தான் யாரும் இல்லை. பதினேழு வயதில் துணிக்கடை வேலைக்குப் போனாள். வாங்க வருகிறவர்கள் நிற்கும்போது விற்கிறவள் உட்காரலாமா என்றார் கடைக்காரர். ஈ காக்கை வராத மத்தியானத்திலும் அதே சட்டம்தான். மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் நின்றுகொண்டேதான் துணி மடித்தாள். அப்புறம் பிஸ்கட் கம்பெனியில் பத்து வருஷம், ஓடும் பெல்ட் பக்கத்தில் நின்று உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கினாள். முப்பத்தெட்டு வயதில் இந்தக் கடற்கரை ஓட்டலுக்கு அறை சுத்தம் செய்ய வந்தாள். இப்போது ஐம்பத்து நாலு ஆகிறது.

வாய்த்த புருஷனோ பஸ் டிரைவர், இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர். அவருக்கு முதுகு போயிற்று, அவளுக்கு முழங்கால். "நீங்க உட்கார்ந்து தேஞ்சீங்க, நான் நின்னு தேஞ்சேன். நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி வேலைக்கு அனுப்பியிருந்தா தைலச் செலவாவது மிச்சம்" என்பாள்.

ஓட்டல் ஒன்றும் மாடமாளிகை இல்லை. பழைய பெரிய வீட்டைப் பிரித்துப் பதினான்கு அறைகளாக்கியது. நீல ஜன்னல்கள், அறைக்கு அறை வேறு நிறச் சுவர், வாசலில் உடைந்த படகை அறுத்துச் செய்த பெஞ்சு. இரண்டு நிமிஷம் நடந்தால் கடல். வருகிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுக்காமல் உள்ளே போனதில்லை. அந்த அழகில் பாதி அவள் கைவேலை என்பது படத்தில் தெரியாது. கடற்கரை ஓட்டலில் மணல் போகாத இடம் கிடையாது: தலையணை உறைக்குள், குளியலறைத் தண்ணீர் போகும் வாயில், கட்டில் காலுக்கு அடியில். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், அவள் பதினாறு வருஷமும் மணலைத்தான் பார்த்தாள்.

சுவரில் எதை மாட்டினாலும் படிக்காமல் விடமாட்டாள். படித்தால் வாதாடாமல் விடமாட்டாள். அதனால் அவளுக்கு வக்கீல் என்று பெயர் விழுந்தது.

விரிப்பும் துவாலையும் அடுக்கும் துணி அறையில் ஒரு நாற்காலி இருந்தது. ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. நாலு அறை முடித்தால் அவள் ஐந்து நிமிஷம், கூட வேலை பார்க்கும் சின்னவள் ஐந்து நிமிஷம். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது புது மேனேஜர் வந்தார். துவாலை காணாமல் போகிறது என்று துணி அறையில் கேமரா வைத்தார். அதில் துவாலைத் திருடன் சிக்கவில்லை, உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிக்கினார்கள். மறுநாள் நாற்காலி இல்லை.

"உட்கார்ந்தா சோம்பல்தாம்மா வரும்" என்றார் மேனேஜர், தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி. மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை, "நிக்க முடியலன்னா வீட்ல இருங்க. இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமலா போகும்?" என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை கோபம்தான் வந்தது.

கூட்டம் வரும் மாதத்துக்கு முன்னால் மேனேஜர் எங்கோ பயிற்சி வகுப்புக்குப் போய் ஒரு யோசனையோடு திரும்பினார். ஊழியர் ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் ஓட்டலில் தங்க வேண்டுமாம். விருந்தாளியின் மனசு அப்போதுதான் புரியுமாம்.

"அன்னைக்கு நீங்க ஸ்டாஃப் கிடையாது, கெஸ்ட். கெஸ்டுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் உங்களுக்கும் உண்டு" என்று எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

அவளுக்குக் கிடைத்தது கடலைப் பார்த்த ஒன்பதாம் அறை. புருஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் வந்தார்.

"போட்டுக்கிட்டே வாங்க. நேத்து தொடச்சவ நான்தான், நாளைக்குத் தொடைக்கப் போறவளும் நான்தான்."

உள்ளே போனதும் கை தானாக விரிப்பின் மூலையை இழுத்துவிடப் போனது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேர் தங்கும் அறையில் ஆறு பேர் உட்காரலாம்: இருவர் சோபா, கண்ணாடி முன்னால் ஒரு முக்காலி, மேஜை நாற்காலி, பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றுவிடாமல் உட்கார்ந்து பார்த்தாள். பிரம்பு நாற்காலிதான் முழங்காலுக்கு இதமாக இருந்தது. கடல் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து இப்போதுதான் பார்க்கிறோமே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் காலை ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு நேராக வரவேற்பு மேஜைக்குப் போனாள். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினாள்: 'அறை அழகாக இருக்கிறது. ஆனால் இதைச் சுத்தம் செய்கிற இரண்டு பெண்களுக்கு உட்கார இடம் இல்லை. அவர்கள் கால் வலியோடு நிற்பது தெரிந்தும் நான் எப்படி இங்கே நிம்மதியாக உட்காருவது? துணி அறையில் இரண்டு நாற்காலி போட வேண்டும். அறை எண் ஒன்பது.' எழுதிவிட்டுப் பால்கனிக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பதினொன்றரைக்குப் புத்தகமும் கையுமாக மேனேஜர் வந்தார்.

"விளையாட்டு போதும்மா. அடுத்த கெஸ்ட் வந்தாச்சு, கிளம்புங்க."

"கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கிறதைப் படிச்சிட்டுச் சொல்லுங்க சார்."

மேனேஜர் கதவைச் சாத்திப் பார்த்தார். சின்னச் சட்டத்துக்குள் முதலாளியம்மாவின் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு: விருந்தினர் புகார் எழுதினால், என்ன செய்தோம் என்பதை மேனேஜர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதுவரை அறையைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. பதினாறு வருஷமாகத் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் அவள். மேனேஜர் அன்றுதான் முதல்முறை படித்தார். வெளியூரில் இருக்கும் முதலாளியம்மா திங்கட்கிழமைதோறும் அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பார் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கங்களுக்கு எண் போட்டிருந்ததால் கிழிக்கவும் முடியாது.

"அது கெஸ்டுக்கும்மா."

"நான் யாருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தார். "வேலை போயிடுமே" என்று முணுமுணுத்தார்.

"போனா போகட்டும். நின்னுக்கிட்டே இருந்து போறதுக்கு, உட்கார்ந்துட்டுப் போறேன்."

கீழே படகுப் பெஞ்சில் புதுசாகக் கல்யாணமான ஜோடி பெட்டிகளோடு காத்திருந்தது. மேனேஜர் நடைவழியை எட்டிப் பார்த்தார். சின்னவள் துணி வண்டியோடு தயாராக நின்றாள். உள்ளே போய் விரிப்பை எடு என்றார்.

"கெஸ்ட் உள்ள இருக்காங்களே சார். அவங்க கூப்பிடாம போகக் கூடாதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க?" என்றாள் சின்னவள், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தில் 'கவனிக்கப்படும்' என்று எழுதி நீட்டினார்.

"கவனிச்சது போதும் சார், கேமராவுல தினமும் கவனிக்கிறீங்க. என்ன செஞ்சீங்கன்னு எழுதணும்."

மேனேஜர் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

புருஷன் மேனேஜரைப் பார்த்தார், மனைவியின் முழங்காலைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். மெதுவாகப் போய் இன்னொரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு இன்னைக்கு லீவுதான் சார்" என்றார்.

கட்டிய நாளிலிருந்து அவர் பேசியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். கண் கலங்கியது. மேனேஜருக்குத் தெரியக் கூடாது என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு நாற்காலிகள் துணி அறைக்குப் போயின. 'இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன' என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்திட்டார். பேனா தாளைக் கிழிக்காததுதான் பாக்கி. "மாசக் கடைசியில உங்க விஷயத்தைப் பார்த்துக்கறேன்" என்றார்.

"பாருங்க சார். அதையும் எழுத்துல கொடுங்க."

அறைச் சாவியைக் கொடுத்தாள், புருஷனை வழியனுப்பினாள், வேலைக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதே ஒன்பதாம் அறைக்குத் திரும்பினாள். தான் படுத்த விரிப்பைத் தானே உருவினாள். தன் காலில் வந்த மணலைத் தானே கூட்டினாள். அரைமணியில் ஜோடி உள்ளே போனது. ஜன்னலைத் திறந்து, "என்ன அழகு" என்றாள் மணப்பெண்.

துணி அறைக்குப் போனாள். இரண்டு நாற்காலிகளையும் அலமாரிக்குப் பின்னால், கேமரா கண்ணுக்கு எட்டாத மூலையில் ஒளித்த மாதிரி போட்டிருந்தார்கள். ஒன்றை இழுத்து வந்து கேமராவுக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி, மற்றக் காலின் மேல் போட்டுக்கொண்டாள்.