ஒட்டகத்துக்குக் காஞ்ச தட்டு

பல்லடம் பக்கம் எங்களுக்குத் தோட்டமும் கறவை மாடுகளும் உண்டு. அது போதாதென்று போன வருஷம் என் வீட்டுக்காரர் ஓர் ஒட்டகத்தைக் கன்றோடு வாங்கி வந்துவிட்டார். கோயமுத்தூரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் ஒட்டகப் பாலைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். போனில் வீடியோ பார்த்திருக்கிறார். லாரியிலிருந்து இறக்கின அன்றைக்கே எங்களுக்குள் சண்டை. அதுக்கு என்ன தீனி போடுவது?

காஞ்ச சோளத்தட்டு என்றேன் நான், கதிர் அறுத்தபின் காயப்போட்டு வைக்கிற தாள். விற்றவரிடம் காய்ந்த கடலைக்கொடிதான் தின்று கொண்டிருந்தது. நம் தட்டுப்போரிலும் குவிந்து கிடக்கிறது, அதையே போடலாம் என்பது என் கட்சி. சைலேஜ்தான் போடவேண்டும் என்பது அவர் கட்சி. மக்காச்சோளப் பயிரைப் பச்சையாக அறுத்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டையில் மிதித்துக் கட்டிப் புளிக்க வைப்பது. அவர் கையாலேயே செய்வார். மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வைத்த ரசத்தை ஒருநாளும் அப்படி மோந்ததில்லை.

எங்கள் பக்கம் கறவைக்கு வெறும் தட்டைப் போட்டால் கஞ்சப் பிசினாறி என்று பேர் வந்துவிடும். அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என்னமோ போட்டுத் தொலையுங்க என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவர் உப்பும் தவிடும் பிசைந்து கொடுத்துப் பழக்கினார். அப்புறம் நன்றாகவே தின்றது. வந்தபோது கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை போட்டது, இப்போது இளகலாகச் சாணி போட ஆரம்பித்தது. நாங்கள் மாட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். சாணி என்றால் இப்படித்தானே இருக்கும்! இப்போதுதான் நம் பட்டிக்குப் பழகியிருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் ஆமாம் என்றேன், தோற்றுப்போன கடுப்போடு.

ஒரு வாரத்தில் தாய் தீனி தின்பதையே விட்டது. மடி வற்றிப்போனது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தும். மாட்டுப்பாலைப் பாட்டிலில் கொடுத்தால் துப்பியது. தாய்க்கு ஏதாவது ஆனால் கன்றும் தங்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மாட்டு டாக்டரைக் கூப்பிட்டோம். ஒட்டகத்துக்கு வைத்தியம் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிட்டேயே போனார். சாணி எப்படிப் போடுகிறது என்று கேட்டார். மாடாட்டம் நல்லாப் போடுதுங்க என்றார் இவர், பெருமையாக. டாக்டர் குனிந்து சாணியைக் குச்சியால் கிளறினார்.

"ஏனுங்க, ஒட்டகம் ஆடாட்டம் புழுக்கைதானுங்க போடோணும். இத்தன நாளா அதுக்குக் கழிச்சலுங்க."

இந்தப் புளித்த தீனி அதன் வயிற்றுக்குச் சேரவில்லை என்றார். ஊசி போட்டார். மருந்து கலந்த தண்ணீரை ஊற்றச் சொன்னார். காய்ந்த தீனி தவிர எதையும் கண்ணில் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் நேராகத் தட்டுப்போருக்குப் போய் ஒரு கட்டு உருவினார். அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்ற பேச்சு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முழுங்கிவிட்டேன். சொல்லாமல் விட்ட கடுப்பும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் செருப்போடு அடுப்படிக்குள் வந்து நின்றார். கன்று மடியில் வாய் வைத்து ஊட்டுகிறது, தாய் அசையாமல் நின்று கொடுக்கிறது என்றார். மூடியிருந்த கையை என் முன்னால் நீட்டித் திறந்தார். உள்ளங்கை நிறையப் புழுக்கை.

"தொட்டுப் பாரு அம்மணி. கெட்டியா இருக்குது."

எனக்குத் தாலி கட்டினபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.