கைச்சாடையைக் கண்டு பயந்தவன்

தூத்துக்குடியில் காலையில் ரொட்டி வாங்கினால், உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். கொழும்பில் பாண் என்கிற இந்த ரொட்டியும் சம்பலும் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. இங்கே அது காய்ச்சல்காரர் சாப்பாடு. பேக்கரிக்காரர் முதல் நாளே, "எத்தன நாளா முடியல அண்ணாச்சி?" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மறைக்காதிய, பெரியாஸ்பத்திரில காட்டுங்க" என்றார். அன்றிலிருந்து ரொட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, திருடிக்கொண்டு போகிறவனைப் போல எடுத்துப் போகிறேன். கொழும்பு நண்பர்களே, புது ஊரில் ஒருவன் எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்குவது இப்படித்தான்.

புதுத் துறைமுகம் வந்த புதிது. கப்பலில் உப்பு ஏற்றும் ஒரு நிறுவனத்தில் எனக்குப் போர்மேன் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். பன்னிரண்டு பேர் எனக்குக் கீழே என்று தாளில் எழுதியிருந்தது. அவர்களுக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை போலும். மேலே மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்சை ஓட்டுபவர் மிக்கேல், முன்னாளில் கடலில் முத்தும் சங்கும் குளித்தவர். கப்பல் தளத்து விளிம்பில் நின்று அவருக்குக் கை காட்டுபவர் அவர் மச்சான் சூசை. இந்த இருவரும் நாள் முழுக்க வாயே திறக்காமல் விரலாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் பக்கத்தில் போனதும் கைகள் இறங்கிவிடும். பன்னிரண்டு பேரும் கடலைப் பார்ப்பார்கள். அவ்வளவு பார்க்கக் கடலில் என்ன இருக்கிறது? ஒருநாள் சூசை தன் காதைத் தொட்டு, என் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். என்னைக் கவிழ்க்க நாள் குறித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

கொழும்பில் நான் மூட்டை சுமந்த கிட்டங்கியில் என் மேலாள் விசிலால் மட்டுமே பேசுவார். என் இடக்கைச் சுண்டுவிரல் நசுங்கிய அன்று, 'கூலியின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு ஒரு விசில் கிடைத்தால் இப்படி நடக்க மாட்டேன் என்று அப்போது சபதம் செய்தேன். விசில் கிடைத்ததும் முதலில் செய்தது சூசையைச் சாக்குத் தைக்கும் ஷெட்டுக்கு மாற்றியதுதான்.

"மாப்ள விஞ்சில நின்னா நான் இங்கன நிக்கதுதான் வழக்கம்" என்றார் சூசை.

"இது கல்யாண வீடில்லை, மச்சானும் மாப்பிள்ளையும் ஒட்டி நிற்பதற்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சூசை ஏதோ சொல்ல வந்து, மிக்கேலைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். பார்த்தீர்களா, சதி உறுதி.

மறுநாள் புதிய ஆள் கை காட்டினான். உப்பு மூட்டைகள் வலையில் இறங்கிக்கொண்டிருந்தன. கீழே கப்பல் வயிற்றுக்குள் எங்கள் ஆட்களில் ஒருவனான பேச்சிமுத்து குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். புதியவன் கையை உயர்த்த மறந்து, "நிறுத்து" என்று கத்தினான். நானும் கத்தினேன், விசிலும் அடித்தேன். மிக்கேலோ, சூசை வழக்கமாக நிற்கும் இடத்தில் கை உயர்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். வலை இறங்கிக்கொண்டே இருந்தது. பேச்சிமுத்து கடைசி நொடியில் உருண்டான். அவன் துண்டு மூட்டைக்கடியில் மாட்டிக்கொண்டது, அவன் மாட்டவில்லை.

நான் ஒரு மூட்டையைப் பரிசோதிப்பவன் போல அதன்மேல் உட்கார்ந்தேன். அப்போது என்னால் செய்ய முடிந்த ஒரே மேற்பார்வை அதுதான்.

சூசை ஷெட்டிலிருந்து ஓடிவந்தார். "மாப்ளைக்கு ரெண்டு காதும் கடல்லயே போயிட்டு அண்ணாச்சி. அவரு முத்துக் குளிக்கையில தோணில கயித்தப் பிடிச்சது நாந்தான். இங்க பொண்டாட்டியோட பொறந்தவன்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலி இருக்குல்லா, கைய விட மாட்டான். அதே மாதிரிதான் இங்கனயும் நின்னேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அவரு வேல போயிரும். நீங்க வேற ரொட்டியத் தின்னுக்கிட்டு நோயாளியாத் திரியுதிய. உங்களுக்கு வேற ஒரு கவல எதுக்குன்னுதான்."

ஆக, காதைத் தொட்டது மிக்கேலின் கேளாத காதைச் சொல்ல, உதட்டைப் பிதுக்கியது என்மேல் கொண்ட இரக்கத்தால். எனக்கு இன்னும் முழு நம்பிக்கையில்லை.

மிக்கேல் இனி விஞ்சைத் தொடக் கூடாது, ஷெட்டில் சாக்குத் தைக்கட்டும் என்றேன். அதிகாரம் போலக் கேட்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன்.

"விஞ்சுக்காரன சாக்குத் தைக்கச் சொல்லுதிய" என்றார் சூசை.

மிக்கேல் எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேளாதவருக்கே உரிய உரத்த குரலில், "விடு மச்சான். பேச்சிமுத்து மூஞ்சியப் பாத்தேன். இனி எனக்கே அதுல நிக்க ஏலாது" என்று சொல்லி, எண்ணெய்த் துணியை என் கையில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு நடந்தார். அன்று மத்தியானம் கேங்கில் ஒருவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் சாக்குத் தைப்பதைப் பார்க்கிறபோது இன்றும் நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் விபத்துத் தாள் வந்தது. காரணம் என்ற இடத்தில், 'கை காட்டுபவரை விசாரிக்காமல் மாற்றியது நான்' என்று எழுதினேன். நிறுவனம் என் தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியது, அது பிறகு. அன்று பேனா அங்கே தயங்கவில்லை. அடுத்த கட்டத்தில்தான் நின்றது: பொறுப்பாளரின் சொந்த ஊர். கொழும்பு என்று எழுதினேன். சிலோன்காரன்தானே, வேறெப்படி இருப்பான் என்பார்கள் என்று அதை அடித்தேன். தூத்துக்குடி என்று எழுதினேன். சூசை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தை உயர்த்தினார். அதையும் அடித்தேன். இரண்டு அடித்தல்களுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. அங்கே கையெழுத்துப் போட்டேன்.