கள்ளிப்பெட்டித் தரை

என் அக்காள் வீட்டுக்காரர் தண்டாயுதபாணியை ராசிபுரத்தில் யாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். நான் செய்தேன். முப்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் தொடங்கி விஜயதசமி வரைக்கும், என் அமாவாசை ஒன்று விடாமல் அந்த மனிதர் தின்று தீர்த்தார். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் சரக்கு நிறுத்துப் போடுகிறவன். மாதத்தில் அமாவாசை ஒரு நாள்தான் மண்டிக்கு விடுமுறை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கலாம் என்று இருப்பேன். தூங்கினேனா? கோணல் ஆணியை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

மச்சானுக்கு நெசவுத் தொழில். ஒற்றைத் தறி, ஒரே கூடம் உள்ள வீடு. கூடத்தின் நடுவில் அவருடைய அப்பா வெட்டிய தறிக்குழி. அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதியை மிதித்து, ஊடை நூல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டு நெய்வார். தறி போக மிச்சம் இருந்த இடத்தில்தான் என் அக்காள் பூவாத்தாள் நூல் சுற்றுவதும் எல்லாரும் சாப்பிடுவதும் படுப்பதும். வீடு இருந்ததோ ஏரிக்குக் கீழ்த்தெருவில். ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தால் இவர்கள் வீட்டு மண்தரையிலும் ஈரம் ஊறி வரும். காலையில் பாயைச் சுருட்டினால் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்.

மச்சானுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. தரையில் ஈரம் இருந்தால்தான் தறியில் பூட்டிய பாவு நூல் முறுமுறுத்துப் போகாமல் பதமாக இருக்கும். இல்லாவிட்டால் இழை பட்டுப் பட்டென்று அறும். "நெசவுக்காரன் ஊட்டுத் தரை காயக் கூடாது மாப்ளே" என்பார். வெயில் காலத்தில் விடிந்ததும் தறியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் தெளிப்பது அக்காளுக்கு அன்றாட வேலை. மழைக்காலத்தில் அந்த வேலையை ஏரி பார்த்துக்கொண்டது.

அவர்களுக்கு ஒரே பெண், சாரதாமணி. குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அது ஐப்பசி. ஒன்பது நாள் விடாத மழை. ஆண் குழந்தை பிறந்தது, நல்ல குழந்தை, என் விரலை இறுக்கிப் பிடித்தது. எட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டிப் போய்விட்டது. வைத்தியர் எழுந்து போகும்போது குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மச்சானுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுவருஷம் சாரதா மறுபடி உண்டாகியிருந்தாள். கார்த்திகையில் பிரசவம். அவள் மாமியார் பெரியநாயகி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "ரெண்டாவது இங்கியே ஆகட்டுமுங்க. அந்த ஈரத்துல கொண்டாந்து இன்னொண்ணைப் படுக்க வைக்க எங்களுக்குத் தெம்பில்லீங்க." அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சாரதாவோ அம்மாவிடம் போக வேண்டும் என்று சோறு இறங்காமல் அழுகிறாளாம். அக்காள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிரசவமும் இந்த வீட்டில் ஆகாமல் போனால், பிள்ளையைக் கொன்ற வீடு என்ற பேர் அதற்கு நிலைத்துவிடும். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் மச்சான் சொன்னார், "மரத்துல தரை போடலாம் மாப்ளே."

எப்போதோ இளவட்டமாக இருந்தபோது ஏற்காட்டு மலையில் ஒரு துரை பங்களாவுக்குத் துணி மூட்டை சுமந்து போயிருக்கிறார். அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏறத் தொடங்கியதிலிருந்து மேலே போகிற வரைக்கும் மழையாம். பங்களாவில் தரை முழுக்கப் பலகை. "நனைஞ்ச காலோட நின்னேன். செத்த நேரத்துல காலு காஞ்சு சூடாயிருச்சு" என்றார். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சூட்டை மனதில் வைத்திருந்திருக்கிறார், ஒருவரிடமும் சொல்லாமல்.

"அது தேக்குங்க மச்சான். துரைகிட்ட காடு இருக்குது. நம்மகிட்ட என்ன இருக்குது?" என்றேன்.

"உங்க மண்டியில கள்ளிப்பெட்டி இருக்குதே" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான். சோப்பும் தீப்பெட்டியும் தேயிலையும் வருகிற கள்ளிப்பெட்டி எங்கள் மண்டியில் மலையாகக் கிடக்கும். உடைந்ததை முதலாளி அடுப்புக்குத் தந்துவிடுவார். அதைப் பிரித்துக் கட்டி, ராசிபுரம் பஸ்ஸின் தலையில் ஏற்றி, கண்டக்டரிடம் வாங்காத திட்டெல்லாம் வாங்கிக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்தேன். மச்சான் அதற்குள் இடிந்த கூரை ஒன்றிலிருந்து பனஞ்சட்டம் வாங்கி வைத்திருந்தார். தறிக்குழியை மட்டும் விட்டுவிட்டு, தரையில் ஓட்டுச் சில்லும் சாம்பலும் கொட்டி, அதன் மேல் பனஞ்சட்டத்தைப் பரப்பி, அதன் மேல் பெட்டிப் பலகையை அடிப்பது என்று திட்டம். ஆணி? பெட்டியில் இருந்து பிடுங்கிய ஆணிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருக்கும். அம்மிக்கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நான் நிமிர்த்த, அவர் வாங்கி அடிப்பார். கைவலி எடுத்தால் சுத்தியல் என்னிடம் வரும், குறை சொல்கிற வேலை அவரிடம் போகும். "நேரா அடி மாப்ளே. தராசு புடிக்கிற கைக்கு சுத்தியல் வராதா?" ஆடி அமாவாசைக்கு என் இடது கைக் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துவிட்டது.

பெட்டிக்குப் பெட்டி பலகை அளவு வேறு. அடித்து முடித்தால் இடுக்கு இடுக்காக விரல் நுழைகிற சந்து. அதை எதை வைத்து அடைப்பது என்று நான் யோசிப்பதற்குள் மச்சான் ஒரு சட்டியோடு வந்தார். பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி. கழிவு நூலைத் திரித்து அந்தக் கஞ்சியில் முக்கிச் சந்தில் திணித்தார். நூல் எப்படி விறைக்கிறதோ அப்படித் தரையும் விறைக்குமாம்.

"மச்சான், அது சோறுங்க" என்றேன்.

"நீ மளிகைக்காரன். உனக்கு எல்லாம் சோறுதான்" என்று சிரித்தார்.

சொல்லுங்கள், நெசவாளியைத் தவிர உலகத்தில் வேறு எவனாவது தரைக்குக் கஞ்சி போடுவானா? நான்கு நாளில் எறும்பு வந்தது. பத்து நாளில் எலி வந்தது. ஒரு எலி ஒரு திரியின் முனையைக் கடித்து இழுத்து, அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்ததை அக்காள் எனக்குக் காட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. வெள்ளிக்கிழமை சாணி போட்டு மெழுகாத வீட்டில் எப்படி விளக்கு வைப்பாள்? பலகையை மெழுகுவேன் என்று வாளியோடு நின்றவளை நானும் மச்சானும் சேர்ந்து தடுத்து, விளக்குக்குக் கீழே ஒரு முழ மண்தரையை விட்டுக்கொடுத்தோம். ஆவணி அமாவாசை முழுக்க நான் குப்புறக் கிடந்து, சந்துகளில் இருந்து ஆணியால் கஞ்சித் திரியைத் தோண்டி எடுத்தேன். அப்புறம் ரோடு போடுகிறவர்களிடம் கெஞ்சி ஒரு டின் தார் வாங்கி, மரத்தூளோடு குழைத்து அடைத்தோம். நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போனது. ஆனால் எலி வரவில்லை.

புரட்டாசி பிறந்ததும் பெரியநாயகி சாரதாவையும் கூட்டிக்கொண்டு நேரில் பார்க்க வந்தாள். ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்த நாள். சம்பந்தியம்மாள் பாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், வெற்றிலை போட்டாள், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் சேலையைப் பின்பக்கம் இழுத்துத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்குது" என்றாள். பிறகு பலகையில் இருந்த கறுப்பு எழுத்தைக் காட்டி, "இது என்னங்க எழுதியிருக்குது?" என்றாள்.

"நல்ல மரமுன்னு வெள்ளக்காரன் போட்ட முத்திரைங்க" என்றார் மச்சான், கண் இமைக்காமல்.

சாரதாவுக்கு வளையல் போட்டு, அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கே ஒரு கணம் கட்டைவிரல் வலி மறந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. அந்த ஒரு மழைக்கு அப்புறம் வானம் திறக்கவில்லை, வெயில் ஆளைக் கொளுத்தியது. மகாளய அமாவாசை அன்றைக்கு நான் அங்கே போய்ச் சேரும்போது நடுப்பகல். மச்சான் தறிக்குழிக்குள் நின்றுகொண்டு, ஒரு பலகையை நெம்பித் தூக்கி, அதன் அடியில் குடத்தில் இருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க பண்றீங்க?"

"பாவு நிக்க மாட்டேங்குது மாப்ளே. நாடா நாலு தரம் ஓடறதுக்குள்ள இழை அந்துருது. மண்ணை மூடிட்டோமில்ல, அடியிலிருந்து ஈரம் வர வழியில்ல. தீவாளிச் சேலை பாதிகூட ஆகல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் பக்கத்துப் பலகை ஏற்கெனவே நீர் குடித்து முதுகு தூக்கியிருந்தது. அதில் இருந்த எழுத்தைக் காலால் தட்டிக் காட்டினேன். "இது என்னன்னு தெரியுமுங்களா உங்களுக்கு? எனக்குத் தெரியும், மண்டியில தினமும் பாக்கறேன். நனைய விடாதேன்னு போட்டிருக்குது. மூணு மாசம் நாம உசுரைக் குடுத்தது இது காஞ்சு கெடக்கோணும்னுதானே? அதுக்கு நீங்களே தண்ணி ஊத்துறீங்க. உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?"

பெரியவரை அப்படிக் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். அவர் குடத்தைக் கீழே வைத்தார். தறி நின்றால் அந்த வீட்டில் உலை இல்லை. தரை நனைந்தால் அந்தக் குழந்தை இல்லை.

சுவரோரம் படுத்திருந்த சாரதா கையை ஊன்றி எழுந்தாள். "நான் குமாரபாளையத்துக்கே போயிடறனுங்கப்பா. நீங்க தறியைப் பாருங்க" என்றாள்.

"நீ எங்கியும் போக வேண்டாம் சாமி, படு" என்றார் மச்சான். பலகையைத் திரும்ப அழுத்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆயுத பூசை அன்றைக்குத் தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். குழியின் விளிம்புக்கும் மச்சான் வைத்தார், அவர் அப்பா காலத்தில் இருந்து வைக்கிற இடம் அது. தறியை இடம் மாற்றுவது என்ற பேச்சே அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. மறுநாள் விஜயதசமி. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று, முன்பு எருமை கட்டிய இடம், வெறும் மண்தரை. அதற்குள் புதுக்குழி வெட்டித் தறியைக் கொண்டுபோய்ப் போட்டார். பழைய குழியில் மண்ணைத் தள்ளும்போது முதல் கூடையைத் தள்ள அவருக்குக் கை வரவில்லை. நான்தான் தள்ளினேன். மண் நிரப்பித் திமிசுக் கட்டையால் குத்தி இறுக்கி, அதன் மேலும் பனஞ்சட்டமும் பலகையும் அடித்து மூடினோம். மண்டிக்கு அன்றைக்கு லீவு சொல்லாமல் போனதற்கு முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஐப்பசி மழை பிடித்தது. ஏரி நிறைந்தது. கார்த்திகையில் சாரதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கூடத்தின் நடுவில், பழைய குழி இருந்த அதே இடத்தில், பலகை மேல்.

கார்த்திகை அமாவாசைக்கு நான் போனேன். வெளியே மழை ஊற்றுகிறது. உள்ளே தரை காய்ந்து கிடக்கிறது. குழந்தைக்குப் பதினாறு நாள், சளி இல்லை, இருமல் இல்லை, ஊரைக் கூட்டுகிற அழுகை. மச்சான் எங்கே என்று கேட்டேன். அக்காள் கொல்லைக் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே நிலைப்படிக்கு வெளியே, பாதி நனைந்தபடி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மழையில நிக்கறீங்க? உள்ளே வர மாட்டீங்களா?"

"காலு ஈரம் மாப்ளே. காலையில இருந்து சாய்ப்புக் குழியில ஊறற தண்ணியை எறைச்சிட்டு இருக்கறேன். பலகை நனைஞ்சிரும்."

அக்காள் மெதுவாகச் சொன்னாள்: "இத்தனை நாளும் அப்படித்தான் தம்பி. சோறுகூட அங்கியேதான். புள்ளையை இன்னும் கையில வாங்கல."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மூன்று மாதம் என் உயிரை எடுத்துத் தரை போட்டுவிட்டு, அதன் மேல் காலை வைக்காத மனிதரை என்ன செய்வது? தோளில் இருந்த துண்டை எடுத்தேன், நிலைப்படியில் குந்தினேன், அவர் காலைப் பிடித்து இழுத்தேன். "உடு மாப்ளே, உடு" என்றார். நான் விடவில்லை. பாதம் வெளுத்து ஊறிப்போய், விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மறைத்தது. ஒரு காலைத் துடைத்தேன், அப்புறம் இன்னொன்றை, ஒவ்வொரு விரலாக.

"இப்ப ஏறுங்க. ஏறலைன்னா அத்தனை பலகையையும் பேத்து அடுப்புல வெச்சிருவேன்" என்றேன்.

ஏறினார். நடுக்கூடத்தில் போய் உட்கார்ந்தார். சாரதா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மழையைப் பார்க்கிற மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சானுடைய கால் பெருவிரல் மட்டும் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் வந்து நின்றது.

"மாப்ளே, இந்த ஆணி நீ அடிச்சதுதானே?"

"எதுங்க?"

"தலை தூக்கிட்டு நிக்குது பாரு. புள்ளை தவழ ஆரம்பிச்சா முழங்காலைக் கிழிச்சிராதா? போயி சுத்தியலை எடுத்துட்டு வா."

அந்த அமாவாசைக்கும் நான் தூங்கவில்லை.