ஸ்டொப்பர் ஸ்கொட்டும் ஒரு சஹன் சோறும்

1. உள்ளே போகாத கோல்

அந்த சீசனில் எங்களுக்கு இரண்டாவது மெச். எங்கள் ரைட் விங்கர் அடித்த பந்து எதிர் டீமின் கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோல் வாசலில் ஒரு குருவி கூட இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் எழும்பி நின்று வாயைத் திறந்துவிட்டார்கள். பந்து கோட்டைத் தாண்ட இன்னும் ஒரு முழம்தான். அந்த நேரத்தில் எங்கள் டீமின் ஃபோர்வர்ட், அமெரிக்காவிலிருந்து வந்த புரொஃபெஷனல் ஆட்டக்காரர் ஸ்கொட், எங்கிருந்தோ பாய்ந்து வந்து அதைத் தலையால் அடித்து மேல் கம்பத்துக்கு மேலால் வெளியே அனுப்பினார். அனுப்பிவிட்டு, இனிப் பயமில்லை என்பதுபோல எங்களைப் பார்த்துக் கையும் காட்டினார்.

எதிர் டீமின் கோல்கீப்பர் ஓடி வந்து அவருக்குக் கைலாகு கொடுத்தான்.

எனக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த எங்கள் கால்பந்துக் கழகத் தலைவர் ஹாஜியார் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"மெனேஜர், இவன் யாருட ஆளு?"

மெனேஜர் என்பது நான்தான். பகலில் ஐஸ் ஃபெக்டரியில் கிளார்க், பின்னேரத்தில் கழகத்தின் டீம் மெனேஜர். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது. மெனேஜர் வேலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜேர்சி தோய்க்கக் கொடுப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, ரெஃப்ரிக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது, டீம் லிஸ்ட் எழுதுவது, தோற்றால் ஏச்சு வாங்குவது. கோச் வைக்க வசதி இல்லாததால் அந்த வேலையும் என் தலையில்தான். புதிய கமிட்டித் தம்பிமார் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வென்ற கதைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இதை எழுதுகிறேன்.

2. ஆலங்குடாவில் அகப்பட்டவர்

ஸ்கொட் கழகத்துக்கு வந்ததே ஒரு தற்செயல். ஆலங்குடாக் கடற்கரையில் ஹாஜியாருக்கு டூரிஸ்ட் தங்கும் நான்கு கபானா இருக்கிறது. காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்க வருவார்கள். அப்படி வந்த ஒரு கூட்டாளியோடு இவரும் வந்திருந்தார். கூட்டாளி கடலில் பறக்க, இவர் கரையில் மீன்பிடிக்காரர்களோடு வெறுங்காலில் பந்து விளையாடியிருக்கிறார். ஹாஜியார் கபானா கணக்குப் பார்க்கப் போன நேரம், இவர் நெற்றியால் அடித்த பந்து இரண்டு தோணிகளைத் தாண்டிப் போய் விழுந்தது. விசாரித்தால், அமெரிக்காவில் பதினொரு வருஷம் சம்பளத்துக்கு விளையாடியவர் என்று தெரிய வந்தது.

அன்று அஸர் தொழுகைக்கு முன்னமே ஹாஜியார் எனக்கு ஃபோன் எடுத்துவிட்டார். "மெனேஜர், ஃபோம எடுத்துக்கொண்டு ஓடி வாங்க. அல்லாஹ் நம்மளுக்கு ஒரு ஃபோர்வர்ட அனுப்பி ஈக்கிறான்."

நானும் ஓடினேன். ஜேர்சி சைஸ் கேட்டேன். பூட்ஸ் சைஸ் கேட்டேன். உறைப்புச் சாப்பிடுவாரா, மீன் ஒத்துக்கொள்ளுமா, ஃபேன் போதுமா என்று கேட்டேன். ஊரில் உம்மா வாப்பா சுகமா என்றும் கேட்டேன். ஃபோமில் கையெழுத்து வாங்கினேன். ஃபோர்வர்ட் போடும் ஒன்பதாம் நம்பர் ஜேர்சியைக் கையில் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதைக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கோலைத் தலையால் அடித்து வெளியே அனுப்பிய அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மெச் முடிந்து, வேன் வரும்வரை இரண்டு பேரும் உப்பளத்துப் பக்கத்துக் கட்டின் மேல் இருந்தோம். அவர் பேசியது இங்கிலிஸ். ஐஸ் ஃபெக்டரி இங்கிலிஸில் எனக்கு விளங்கியதைத் தமிழில் தருகிறேன்.

"மெனேஜர், நான் ஸ்டொப்பர், எங்கள் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். பதினொரு வருஷமும் ஸ்டொப்பர்தான். கோலுக்குப் பக்கத்தில் பந்தைக் கண்டால் என் தலை என்னைக் கேட்காமலே போய் அடித்துவிடும். யாருடைய கோல் என்று பார்க்க நேரமில்லை."

"அப்ப ஏன் முதலே சொல்லல்ல?"

"நீங்கள் எல்லாம் கேட்டீர்கள். அதை மட்டும் கேட்கவில்லை. நீங்கள்தான் மெனேஜர், ஏதோ யோசித்துத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்தேன்."

யோசித்துச் செய்ததாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று தன்னுடைய கதையையும் சொன்னார். பல்கலைக்கழக டீமில் தொடங்கி, பெரிய லீக்கில் ஒரு வருஷம் பெஞ்சில் இருந்திருக்கிறார். அந்த வருஷம் முழுக்க அவர் விளையாடியது நான்கு நிமிஷம். அதற்குப் பிறகு இரண்டாம் டிவிஷனில் ஆறு கழகங்கள். பத்து மணித்தியாலம் பஸ்ஸில் போய் விளையாடிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பும் பிழைப்பு. ஒரு கழகம் ஊரையே விட்டுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனதாம், போகும்போது இவரைக் கூட்டிப் போகவில்லையாம். கழகம் குடிபோகுமா? எங்கள் கழகத்தைப் பக்கத்து ஊர் முந்தலுக்குக் கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் ஊருக்குள் ஜனாஸா விழும்.

கடைசிக் கழகம் இவரை விட்டுவிட்டது. வயது முப்பத்துநாலு. ஆனால் பழைய கூட்டாளி ஒருவர் அங்கே ஒரு டீமுக்குக் கோச்சாக வந்திருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: நீ இன்னும் ஸ்டொப்பராக நிற்பாய் என்பதற்கு ஒரு முழு மெச்சின் வீடியோ அனுப்பு, இந்த மாதம் முடிவதற்குள், நான் ஒரு சீசனுக்கு எடுக்கிறேன்.

"ஸ்டொப்பர் வேலை எப்படியென்றால், சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது" என்றார் ஸ்கொட். "ஒன்றும் நடக்காததை யாரும் வீடியோ எடுப்பதில்லை. அதனால் பழையது ஒன்றும் என்னிடம் இல்லை."

3. ஹாஜியாரின் தீர்ப்பு

அடுத்த நாளே ஹாஜியாரிடம் போனேன்.

"ஹாஜியார், ஸ்கொட் ஸ்டொப்பராம். பின்னுக்குப் போடுவோம்."

"என்ன கதை கதைக்கிறீங்க? அமெரிக்காவில இருந்து ஒருத்தன் வந்து பின்னுக்கு நிக்கிறதா? பின்னுக்கு நிக்க நம்மட ஊர்ல ஆளா இல்ல?"

"அவருட தொழிலே அதுதான் ஹாஜியார்."

"வெளிநாட்டு ஆள் எண்டா கோல் அடிக்கணும். நான் ஊருக்கெல்லாம் செல்லி ஈக்கிறன். மூணாவது மெச்சிலயும் கோல் இல்லாட்டி பேக்கக் கட்டச் செல்லுங்க."

மூன்றாவது மெச்சிலும் கோல் இல்லை. ஹாஜியார் மனமிரங்கி, கடைசியாக இன்னும் ஒன்று என்றார். அது முந்தல் டீமோடு, அவர்களுடைய கிரவுண்டில். டிரோ எடுத்தாலே நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். ஆனால் மழையால் மெச் ஒரு கிழமை தள்ளிப்போய், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. ஸ்கொட்டுக்கும் அதை விட்டால் வேறு மெச் இல்லை. கோல் அடிக்கச் சொல்லி முன்னுக்கு ஓடவிட்டால் வீடியோ எடுத்தும் பிரயோசனமில்லை.

4. ஆறாவது ஆள்

அதே ஞாயிற்றுக்கிழமை பகல் முந்தலில் ஒரு வலீமா விருந்து. என் மனைவியின் தம்பி நௌஷாதின் மகனுக்குக் கல்யாணம். நௌஷாத் யார் என்றால், முந்தல் டீமின் செக்ரட்டரி. நான் போகாவிட்டால் அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது. ஸ்கொட்டைத் தனியாக விடவும் மனமில்லை, அழைப்பிலும் அவருடைய பெயர் இருந்தது. ஒரு மூலையில் இருந்து வாழைப்பழம் சாப்பிடட்டும், நாலு மணிக்குத்தானே மெச் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு கோழிக்கூட்டு வாழைப்பழமும் இரண்டு அவித்த முட்டையும் பையில் வைத்திருந்தேன்.

சஹனில் சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தட்டில் புரியாணி வரும், அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் இருப்பார்கள். ஆறு பேரும் சேராமல் யாரும் கை வைப்பதில்லை. எல்லோரும் முடிக்காமல் யாரும் எழும்புவதும் இல்லை. எழும்பினால் மற்றவர்களை அவமதித்த மாதிரி.

என்னை ஒரு சஹனில் இருத்திவிட்டார்கள். பந்தலின் அந்தப் பக்கத்தில் இன்னொரு சஹனைச் சுற்றி ஐந்து பேர் கையைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்கள். ஐந்து பேரும் நல்ல வயதாளிகள். நௌஷாத் சுற்றிப் பார்த்தான். மூலையில் வாழைப்பழத்தோடு ஸ்கொட்.

"இங்க ஒரு ஆள் குறையுது! வாங்க தம்பி, வாங்க, வாங்க!"

இருத்தியே விட்டார்கள். பிறகு நடந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். எழும்ப வழியில்லை. எங்களுடைய பழக்கம், நல்ல இறைச்சித் துண்டு அகப்பட்டால் விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவது. ஐந்து பேரும் தள்ளினார்கள். ஸ்கொட்டை அவருடைய வீட்டில் வளர்த்தது, வைத்ததை மிச்சம் விடக்கூடாது என்று. எங்களை வளர்த்தது, விருந்தாளியின் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று. அவர் முடிக்க முடிக்க இவர்கள் தள்ள, இவர்கள் தள்ளத் தள்ள அவர் முடிக்க, அந்தச் சஹனுக்கு இரண்டாம் தரமும் சோறு வந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் ஒன்று "போதும்". எங்கள் ஊரில் "போதும்" என்றால் இன்னும் இரண்டு தரம் வைக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வது. நான் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று காட்டினேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. இரண்டு கிண்ணம்.

வெளியே வந்ததும் நௌஷாதைப் பிடித்தேன். "டேய், நீ வேணுமெண்டு செஞ்சியா?"

"வல்லாஹி, சத்தியமா இல்ல மச்சான். விருந்தாளிய கவனிக்காம உடுறதா?" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் உண்மை மாதிரித்தான் இருந்தது. இன்றைக்கும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

5. செமிக்கல்ல

கிரவுண்டுக்கு வந்ததும் ஸ்கொட் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மெனேஜர், என்னால் நிற்க முடியும். ஓட முடியாது."

டீம் லிஸ்ட் என் கையில். பெஞ்சில் வைத்தால் அவருடைய சீசன் அதோடு முடிந்தது. முன்னுக்குப் போட்டால் பாதி கிரவுண்டில் வாந்தி எடுப்பார். பேனையை எடுத்து ஸ்டொப்பர் இடத்தில் அவருடைய பெயரை எழுதி, ஹாஜியார் வர முன்னமே ரெஃப்ரியிடம் கொடுத்துவிட்டேன். பிறகு, எங்கள் மெச்சுகளை ஃபேஸ்புக்கில் லைவ் போடும் மொபைல் கடை ரிஸ்வானைக் கூப்பிட்டேன்.

"ரிஸ்வான், பந்து எங்க போனாலும் போகட்டும். நீ ஸ்கொட்ட மட்டும் எடு."

"அப்ப நானா, கோல் விழுந்தா என்ன செய்ற?" என்றான். எங்கள் பக்கம் நானா என்றால் அண்ணன்.

"விழுந்தா எனக்குப் பார்க்கத் தேவையில்ல."

விசில் அடித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, பின்னால் ஹாஜியாரின் குரல். "மெனேஜர்! அவன் ஏன் பின்னுக்கு நிக்கிறான்?"

"வலீமாச் சோறு ஹாஜியார். செமிக்கல்ல. பத்து நிமிஷம் பொறுங்க, முன்னுக்கு அனுப்புறன்."

முந்தல் ஃபோர்வர்ட்மார் இரண்டு பேரும் இறால் பண்ணையில் வேலை செய்பவர்கள், நல்ல ஓட்டக்காரர்கள். அவர்கள் ஓடி ஓடி வந்தார்கள். ஸ்கொட் ஓடவில்லை. இடது பக்கம் ஒரு அடி வைப்பார், பந்து அவருடைய காலில் வந்து படும். பின்னால் இரண்டு அடி போவார், பந்து நெற்றிக்கு வரும். பந்து எங்கே வரும் என்று யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி. மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில் எங்கள் பின்வரிசைப் பெக்குகளை ஏவிக்கொண்டிருந்தார். "வா! போ! விடு!" நான் எத்தனையோ ஸ்டொப்பரைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் சும்மா நிற்பதைப் பார்த்து நான் கைதட்டியது அன்றைக்குத்தான். இப்படிப்பட்ட ஆளையா மூன்று மெச்சாக முன்னுக்கு ஓடவிட்டேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

"பத்து நிமிஷம் முடிஞ்சி மெனேஜர்!"

"இன்னும் செமிக்கல்ல ஹாஜியார்."

ஹாஃப் டைமிலும் கேட்டார். செமிக்கல்ல என்றேன். ஸ்கொட் அப்போது நன்றாகத் தேறிவிட்டார், தேத்தண்ணியோடு பிஸ்கட் கூடக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இரண்டாவது ஹாஃபில் கேட்டபோதும் செமிக்கல்ல என்றேன். என்ன புரியாணி அது, சீமெந்து போட்டா ஆக்கினார்கள் என்று ஹாஜியார் கத்தினார்.

கடைசிப் பத்து நிமிஷம் முந்தல் டீம் மொத்தமாக ஏறி வந்தது. கோர்னருக்கு மேல் கோர்னர். அடித்ததையெல்லாம் ஸ்கொட் தலையால் திருப்பி அனுப்பினார், இந்த முறை சரியான கோலில் இருந்து. ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு அவர் நடுக்கோட்டைத் தாண்டினார். அப்போது என் பின்னால் கதிரை விழும் சத்தம் கேட்டது. ஹாஜியார் கோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார், தொப்பி கையில்.

"ஸ்கொட்! எங்கடா போற? பின்னுக்கு வா! அங்கயே நில்லு!"

பூச்சியத்துக்குப் பூச்சியம். டிரோ. நாங்கள் அடுத்த சுற்றில்.

ஹாஜியார் ஸ்கொட்டைக் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் வந்தார். "நான் முதலே செல்லல்லையா மெனேஜர், இவன் ஸ்டொப்பர் எண்டு?"

ஓம் ஹாஜியார் என்றேன்.

6. பதில்

வீடியோவை அனுப்பி மூன்றாம் நாள் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. ஸ்கொட் ஐஸ் ஃபெக்டரிக்கே வந்து ஃபோனை நீட்டினார். கோச் எழுதியிருந்தார்: வீடியோவில் எதிர் டீமை ஒழுங்காகப் பார்க்கவே முடியவில்லை, தொண்ணூறு நிமிஷமும் நீ நிற்பதுதான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பதற்றமில்லாமல் நீ விளையாடி நான் பார்த்ததில்லை. வந்து சேர்.

பதற்றமில்லாததன் காரணம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்தப் பெரிய மனுஷன் அழுதார். நானும்தான். குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று ஃபெக்டரி ஆட்களிடம் சொல்லிச் சமாளித்தேன். அடுத்த சுற்று முடிந்ததும் அவர் போனார். அந்த சீசன் முழுக்க அங்கே விளையாடினார், பின்னுக்குத்தான்.

அடுத்த வருஷம் டீம் எடுக்கும்போது, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தரமாக, ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எந்த இடத்தில் விளையாட விருப்பம் என்று கேட்டேன். ஆளின் உயரத்தையும் ஹாஜியார் சொல்லுவதையும் பார்த்து இடம் கொடுத்துப் பழகிய எனக்கு, கேட்கவே கூச்சமாக இருந்தது. பதில்கள் ஒன்றைவிட ஒன்று ஆச்சரியம். விங்கராக இருந்தவனுக்குப் பெக் ஆசை, பெக்காக இருந்தவனுக்கு ஃபோர்வர்ட் ஆசை. கடைசியாக எங்கள் கோல்கீப்பர் ஃபவாஸ் வந்தான். ஒன்பது வருஷம் கோல் காத்தவன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"நானா, யாருக்கிட்டயும் செல்லாதீங்க. எனக்குப் பந்தெண்டா பயம்."

"ஒன்பது வருஷமாவா?"

"ஓம் நானா. நீங்க கேக்கவே இல்லயே. பயத்துலதான் எல்லாத்தையும் குத்தித் தள்ளின."

"அப்ப உனக்கு எந்த இடம் விருப்பம்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த லிஸ்டைப் பார்த்தான்.

"உங்கட இடம் நானா."

அந்த வருஷமே கொடுத்துவிட்டேன். இப்போது அவன்தான் மெனேஜர். என்னை விட நல்ல மெனேஜர்.