தேங்காய் எண்ணெயும் என் வலது காதும்

எனக்குக் காது மந்தம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். பொய். அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது; கோபம் இன்னும் ஆறவில்லை.

நகரத்தில் ஒரு வணிகக் கம்பெனியின் டெலிபோன் போர்டில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி, கேட்ட ஆளுக்கு இணைத்துவிட வேண்டும். தலைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை, வலது காதில் கறுப்பு வட்டமாக ஹெட்போன். மூன்று மாதம் பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால், அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த ஆள் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லியனுப்பிய புண்ணியவான்.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஹெட்போனில் குரல் அமுங்கத் தொடங்கியது, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல. திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சினேன். ரிப்பேர்காரர் வந்தார். வயர்தான் என்று சொல்லி வயரை மாற்றினார். சரியாகவில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டினார். அப்போதும் இல்லை. கடைசியில் வேறொரு ஹெட்போனே கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அதுவும் அமுங்கிப் போயிற்று.

அதோடு முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு ஹெட்போனிலும் ஒரே கோளாறு என்றால், கோளாறு காதில்தானே? எங்கள் மேலதிகாரி தமிழ்ப் பெண்மணிதான். முடியைக் கழுத்தோடு வெட்டிச் சுருட்டி விட்டிருப்பார்; மிஸ் என்று கூப்பிட வேண்டும். திங்கட்கிழமை மேனேஜரிடம் கொடுப்பதாகச் சொல்லி அந்தத் தாளை என் கண் முன்னாலேயே எழுதினார்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் யாரையும் கேட்காமல் ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு வீடு இருந்த குவீன்ஸ்டவுனுக்கு பஸ் ஏறினேன். திருட்டுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் டார்ச் பேட்டரியின் இரண்டு முனையிலும் வயர் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். காதில் டக்கென்று விழ வேண்டும். தப் என்று செத்த சத்தம் வந்தது. ஆக, வயரில் உயிர் இருக்கிறது. ரிப்பேர்காரர் திறந்தே பார்க்காத காதுப் பகுதியில்தான் சங்கதி. ஓட்டை போட்ட மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே காகிதம் போல மெல்லிய இரும்புத் தகடு. அதைக் காந்தத்திலிருந்து நெம்பினால் வளைந்துவிடும் என்று பட்டது. பக்கவாட்டில் தள்ளி எடுத்தேன். அடியில் பிசுபிசுவென்று அழுக்கு. முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய். தேக்கா சந்தையில் வாங்கி, தினமும் காலையில் உள்ளங்கை நிறைய எடுத்து என் தலையில் நானே வைத்துக்கொள்ளும் அதே எண்ணெய். வேர்வையோடு வழிந்து, ஓட்டை வழியாக இறங்கி, தகட்டை ஒட்ட வைத்திருக்கிறது. தரித்திரமே, நீதானா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

துடைத்துத் திரும்ப மாட்டினேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் காது மந்தம் என்ற அந்த வரி அப்படியே நிற்குமே. வெள்ளைத் துணியில் ஹெட்போனுக்கு ஒரு குல்லாய் தைத்தேன், துவைத்துத் துவைத்து மாட்டும்படி.

திங்கள் காலை எல்லாவற்றையும் மிஸ்ஸிடம் சொன்னேன், வீட்டுக்கு எடுத்துப் போனது உட்பட. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாளைலேர்ந்து எண்ணெய் வைக்காம வா. முடியையும் வெட்டிக்கோ. ஆபீஸ்னா ஆபீஸ் மாதிரி இருக்கணும்லா."

"மாட்டேன் மிஸ். ஹெட்போன் கம்பெனியோடது, அதை நான் பாத்துக்கிறேன். முடி என்னோடது."

எப்படித்தான் வாயில் வந்ததோ. அவர் பதில் சொல்வதற்குள், குல்லாய் போட்ட ஹெட்போனை அவர் கையில் கொடுத்து, ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றேன். பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்த டெலிபோனை எடுத்தேன். போர்டில் அவரே வாங்கினார்.

"கேக்குதா மிஸ்?"

"கேக்குது."

"இவ்ளோ மெதுவா பேசினா?"

"கேக்குது."

"உங்க குரல் எனக்கும் நல்லா கேக்குது மிஸ். அந்தத் தாள்ல இருக்கறத அடிச்சிடுங்க."

திரும்பி வந்தபோது தாளில் அந்த வரியின் மேல் இரண்டு கோடு விழுந்திருந்தது. மிஸ் என் முகத்தைப் பார்க்காமல், போய் போர்டில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அன்று காலை வழக்கத்தைவிட ஒரு கை எண்ணெய் அதிகமாகவே வைத்துக்கொண்டு போயிருந்தேன்.