விருச்சிகத்துக்கு முப்பத்தொரு நாள்

2004 ஜூன் 14, திங்கட்கிழமை, பகல் ஒன்று பத்து. சுட்டெரிக்கும் வெயில், பொட்டு மேகம் இல்லை. திருத்தங்கலில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலண்டர் அச்சகத்தில், தூக்குவாளியோடு சாப்பிட உட்காரப்போனேன். மிஷின் ஃபோர்மேன் என் ஸ்டூலைக் காலால் இழுத்தான். விழுந்தேன். பதினான்கு பேர் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, படத்துல அவன் விழுந்த வேகத்துல பல்டி அடிச்சு எந்திரிக்கான். நீங்க சாம்பாரோட படுத்துட்டீக!"

சிவகாசியில் அப்போது ஓடிய, தமிழில் டப் செய்த சீனச் சண்டைப் படத்தைச் சொன்னான். ஐந்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆறாம் நாள், ஞாயிறு மாட்டினிக்குப் போனேன். அப்படி என்னதான் சிரிப்பு என்று பார்க்க வேண்டியிருந்தது.

கதாநாயகன் குள்ளன், பயந்தாங்கொள்ளி. இருபத்தாறு தடவை விழுந்தான், எண்ணினேன். அவனிடம் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஏணி கிடைத்தால் ஏணி, ஈரச் சட்டை கிடைத்தால் ஈரச் சட்டை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே தடியனை அடித்தான். என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு தியேட்டர் முழுக்க இருந்தது. ஆனால் இப்போது தடியனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இடுப்பு சுரீர் என்றது. விழுந்தவன் கைக்கு எட்டுவதெல்லாம் அங்கே ஆயுதம். இதற்காகத்தான் கூட்டம் வருகிறது.

என் கைக்கு எட்டியது சிவப்புப் பேனா.

ஃபோர்மேனுக்கு விருச்சிக ராசி. காலையில் தினசரித் தாளைக் கிழித்து, ராசிபலன் பார்க்காமல் மிஷினைத் தொடமாட்டான். அடுத்த வருடக் காலண்டரின் ப்ரூஃப் என் மேசையில் இருந்தது. ஜனவரியில் விருச்சிகத்துக்கு இருந்த வெற்றி, லாபம், சுகம் எல்லாவற்றையும் அடித்தேன். முப்பத்தொரு நாளும் நஷ்டம், பயம், வீண்பழி.

ஜனவரி பிறந்தது. முதல் தாளிலேயே பயம். மிஷினை உதவியாளிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்றான். அந்த மாதம் பன்னிரண்டு நாள் லீவு போட்டான். வந்த நாட்களிலும் ஸ்டூலை ஆட்டிப் பார்த்துத்தான் உட்கார்ந்தான். நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன்.

விருச்சிகம் அவன் ஒருவனுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை மறந்திருந்தேன். மல்லாங்கிணறு மளிகைக்கடைக்காரர் தாம் வாங்கிய எழுநூறு காலண்டரையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"முதலாளி, என் கடைப் பேரப் போட்டு, எனக்கே மாசம் பூரா நஷ்டம்னு அடிச்சிருக்கீகளே!"

ப்ரூஃபை எடுத்துப் பார்த்தார்கள். அடித்தது, திருத்தியது, கையெழுத்து மூன்றும் என்னுடையவை.

ஃபோர்மேன் வாயைப் பிளந்தான். "அண்ணாச்சி, நீங்களா?"

"எந்திரிச்சிட்டேன்லே," என்றேன்.

காலண்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம் ஏழு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். மாட்டினி டிக்கெட் பதினைந்தையும் சேர்த்து, நான் எழுந்திருக்க ஆன செலவு எட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய்.