கெட்டிமேளத்துக்கு லியோவை அழைத்துப்போன வழி

கடந்த ஆவணியில் ஒரு ஞாயிறு காலை 6.40க்கு, வெல்க்ரோ வேட்டி கட்டுவதென்று முடிவெடுத்தேன். இரண்டு வாரம் யோசித்து, மூன்று பேரிடம் கருத்துக் கேட்டு வந்த முடிவு. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கல்யாண மண்டபத்தை விட்டு ஓடவேண்டி வரலாம். சாதாரண வேட்டியை நம்பி அதைச் செய்ய முடியாது.

நாற்காலியில் வரவிருந்தவர் லியோ. வயது 97, யூதர், கிளாரினெட் வாசித்தவர். பதினாறு வயதில் நாஜி முகாமில் அடைபட்டிருந்தபோது கைதிகளின் பாண்டில் சேர்க்கப்பட்டார். அதனால் உயிர் தப்பினார். அன்றிலிருந்து, பாண்ட் முழங்கத் தொடங்கும் அறையில் அவரால் இருக்க முடியாது. சொந்த மகளின் கல்யாணத்தையே கார் நிறுத்துமிடத்தில் நின்று முடித்தவர். ஆறு வருடமாக அவரைப் பராமரிக்கும் துஷா என் சித்தப்பா மகள். அன்று அவளுக்குக் கல்யாணம்.

“அவர் வராட்டி நான் கழுத்தை நீட்டமாட்டன் அண்ணை,” என்றிருந்தாள். “கதவுக்குக் கிட்ட இருத்துங்கோ. இடையில போனாலும் பறவாயில்லை.”

தாலி கட்டும்வரை இருந்துவிட வேண்டும் என்பது லியோவின் ஆசையும்தான். முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் இருக்கும் வோபர்னிலிருந்து பாதர்ஸ்ட் தெருவிலுள்ள அவர் வீட்டுக்கு இரண்டு பஸ், நடுவில் ஒரேயொரு ஸ்டேஷன் தூரம் சப்வே: 1 மணி 35 நிமிடம், 3.30 டொலர். அங்கிருந்து றிச்மண்ட் ஹில் மண்டபத்துக்கு 19 கிலோமீட்டர். சக்கர நாற்காலி ஏற்றும் டாக்சி 35 நிமிடம், 64 டொலர். முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

வழியில் லியோவை எச்சரித்தேன்: தாலி கட்டும் கணத்தில் மேளம் திடீரென்று உச்சத்தில் முழங்கும்.

“எதை மறைக்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கெட்ட சகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றேன்.

“எங்களையும் அப்படித்தான் வாசிக்கவைத்தார்கள். உள்ளே அழுவது வெளியே கேட்கக்கூடாது.” டாக்சி ஒரு சிவப்பு விளக்கில் நின்று கிளம்பியது. பிறகு, “உங்களுக்கு என்ன சத்தம்?” என்றார்.

“பெரும்பாலும் தும்மல்.”

யாழ்ப்பாணத்துச் சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “என்ர கலியாணத்தில மாமனார் தும்மினவர் அண்ணை. மேளம் ஒரு செக்கன் பிந்திப்போச்சு. இருபத்திரண்டு வருசமா வீட்டில எது பிழைச்சாலும் அந்தத் தும்மல்தான்.”

மொழிபெயர்த்துச் சொன்னேன். “தும்மலுக்கா?” என்று லியோ மூன்று முறை கேட்டார். சிரிக்கவில்லை.

மண்டபத்தில் கதவிலிருந்து ஆறடியில் அவரை இருத்தினேன். நாற்காலியின் பிரேக்கைப் போடவில்லை. 11.04க்கு ஐயர் கையை உயர்த்தினார். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம். லியோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நான் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, முன்வரிசையைக் காட்டினார்.

அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, உடம்பெல்லாம் குலுங்கத் தும்மினார். மறுபடியும் தும்மினார். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

லியோ சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மேளம் நின்ற பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. நான் பிரேக்கைப் போட்டேன்.

இசை எதையெல்லாம் மறைக்கப் பயன்படும் என்பது பற்றி என்னிடம் பெரிய கருத்து எதுவும் இல்லை. ஒரு தும்மலை மறைக்க நாலு வித்துவான்களை அமர்த்துகிற சமூகத்தில் பிறந்ததில் அன்று எனக்கு முழுத் திருப்தி.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: பந்தி 12 மணிக்கு, 11.45க்கே இடம் பிடியுங்கள். பாயசம் இரண்டாம் முறையும் கேட்கலாம், லியோ கேட்டார். திரும்பும் டாக்சியைக் காலையிலேயே ஒழுங்குசெய்யுங்கள்.

கல்யாண வீடியோ போன வாரம் வந்தது. மேளம் ஓயும் இடத்தில் ஒரு கிழவர் சிரிப்பது தெளிவாகக் கேட்கிறது. வீடியோக்காரர் அதை நீக்கித் தருவதாகச் சொன்னார். துஷா வேண்டாம் என்றுவிட்டாள்.